பஸ்ஸிடம் கேட்ட சம்மதம்

மாத்தளைக்குப் போய் நான் ஒரு பஸ் டிரைவரிடம் திட்டு வாங்கினேன். அவருடைய முகத்தை அழித்துவிட்டேன் என்பது குற்றச்சாட்டு. சிங்களத்தில் அவர் பொரிந்து தள்ளியதில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் நியாயம் அவர் பக்கம்தான் என்பது அவர் கையை ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது.

நான் மதுரைக்காரி. ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் பாடம் நடத்துகிறேன். வாய் கொஞ்சம் நீளம், நம்பிக்கை அதைவிட நீளம். மாத்தளை மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தாய்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு சின்ன கேமரா கொடுத்து, பிள்ளைகளின் படிப்புக்கு எது துணை, எது தடை என்று அவர்களையே படம் எடுக்க வைக்க வேண்டும். படங்களை நடுவில் போட்டுப் பேச வேண்டும். கடைசி நாளில் அவற்றைப் பள்ளி மண்டபத்தில் மாட்டி, கல்விப் பணிமனை அதிகாரிகளை அழைத்துக் காட்ட வேண்டும். ஆய்வுக் குழு ஒன்று இதற்காகத்தான் என்னை அழைத்திருந்தது. ஊரில் இதை நான் பல தடவை செய்திருக்கிறேன். எந்தப் படத்தாலும் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்ற தெம்போடுதான் போய் இறங்கினேன்.

தங்கியது மாத்தளையை ஒட்டிய அலுவிகாரையில், குசுமா அக்கா வீட்டு மாடியில். முதல் நாள் காலை அவர் பாற்சோறு வைத்தார். நம் வெண்பொங்கலிலிருந்து மிளகையும் நெய்யையும் பிடுங்கிவிட்டுத் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கிளறி, பர்பி மாதிரி வெட்டி வைத்தால் எப்படியோ அப்படி. "இது என்ன, வைத்தியருக்குப் பயந்து சமைத்த பொங்கலா?" என்று மனசுக்குள் நினைத்தேன். பக்கத்தில் வெங்காயத்தையும் காய்ந்த மிளகாயையும் இடித்த சம்பல் இருந்தது. அதைத் தொட்டு ஒரு வாய் வைத்தேன். அப்புறம் தட்டை மறுபடி நீட்டினேன். குசுமா அக்கா தன் சிங்களத் தமிழில், "இந்தியா நங்கி, மெதுவா, மெதுவா" என்று சிரித்தார். நங்கி என்றால் தங்கச்சி.

டவுனில் இறங்கியதும் ஆய்வுக் குழுவிலிருந்து உடன் வந்தவர்கள் அம்மன் கோயில் கோபுரத்தைக் காட்டி என் முகத்தையே பார்த்தார்கள். மதுரைக்காரியிடம் கோபுரம் காட்டுகிறார்களே என்று நினைத்தாலும், அந்த மலைகளுக்கு நடுவே அத்தனை நிறங்களோடு அது நிமிர்ந்து நின்றதைப் பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது உண்மை. "நல்லா இருக்கு" என்றேன். அது போதவில்லை அவர்களுக்கு. "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

தோட்டத்துக்கு ஒரே ஒரு பஸ். காலையில் ஏறும், முற்பகலில் ஏறி பதினொன்றரைக்கு இறங்கும், பிறகு சாயங்காலம் ஐந்துக்கு. அந்த ஐந்து மணி பஸ் மழை பெய்தால் வராது, மழை பெய்யாவிட்டாலும் சில நாள் வராது. டிரைவர் சுனில். நெற்றியில் எப்போதும் ஒரு கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பார், கண்ணில் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு சிங்களப் பாட்டு, அடுத்து ஒரு தமிழ்ப் பாட்டு என்று முறை வைத்துப் போடுவார். வளைவுகளில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவரோ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடம் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே, ஒரு பெரிய பலா மரத்தடியில். வந்த தாய்மாரில் முன்னால் உட்கார்ந்தது கலைச்செல்வி. கொழுந்து எடுக்கிறவர். மகள் ஓ.எல். பரீட்சை எழுதப்போகிறாள், நம் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி. ஆசிரியர்களில் ரிஸ்னா டீச்சர். மாத்தளை டவுன் பக்கத்து முஸ்லிம் குடும்பம், கறுப்பு அபாயா, வெள்ளைத் தலைத்துணி. அந்தப் பள்ளிக்கூடத்துக்கே கணக்குச் சொல்லித்தர அவர் ஒருவர்தான்.

முதல் நாள் பாடம் சம்மதம். எதைப் படம் எடுத்தாலும் அது யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும் என்று நடித்தே காட்டினேன். யாரைக் கேட்டாலும், "சரிங்க மிஸ்." அந்தச் சரிங்க மிஸ்ஸில் எனக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. மேலேயிருந்து யார் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டே பழகிய இடம் அது. வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் பழக்கமில்லை. ஆகவே 'வேண்டாங்க' என்று சத்தமாகச் சொல்லுங்கள் என்று பயிற்சி கொடுத்தேன். எல்லோரும் ஒரே குரலில், "சரிங்க மிஸ்" என்றார்கள்.

மறுநாள் படங்கள் வந்தன. ஐயோ சாமி! லயத்தில் தண்ணீர்க்குடம் சுமக்கும் பிள்ளை தீபாவளிச் சட்டையில் நிற்கிறது, தலை வாரி, பவுடர் போட்டு. வீட்டுப்பாடம் எழுதும் பையன் மேசையில் பூச்சாடி. ஆட்டைக்கூடக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார்கள். இயல்பாக இருப்பதை இயல்பாகவே எடுங்களேன் என்று கெஞ்சினேன்.

"அப்புடியே எடுத்தா மானம் போயிருமுங்க மிஸ்" என்றார் கலைச்செல்வி. "ஒங்க ஊருல பாக்கப்போறவங்க, இவங்க எப்பவும் அழுக்காத்தான் இருப்பாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?"

சரிதான் என்றேன். மதுரையில் என் வீட்டு அடுக்களையை முன்னறிவிப்பில்லாமல் யாராவது படம் எடுத்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தபோது, ஆட்டைக் குளிப்பாட்டியது நியாயமாகவே பட்டது.

அன்றைக்குப் பேச்சு சுவாரசியத்தில் பதினொன்றரை பஸ்ஸை விட்டுவிட்டேன். வாசலுக்கு ஓடினால் பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பின் ஜன்னலில் ரிஸ்னா டீச்சர் தெரிந்தார். ஏதோ அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன். வீரமாக நடக்க ஆரம்பித்து, பாதி வழியில் கணுக்காலில் அட்டை கடித்து, கடைசியில் கொழுந்துச் சாக்கு ஏற்றிய லொறியில் சாக்கோடு சாக்காக டவுனுக்கு வந்து சேர்ந்தேன். பஸ் நிலையத்தருகே முஸ்லிம் கடையில் கொத்து ரொட்டி. நம்மூரில் பரோட்டாவைக் கொத்தும் அதே தாளம்தான். சாப்பிடும்போது தலையிலிருந்து தேயிலை இலை ஒன்று தட்டில் விழுந்தது.

அடுத்த நாள் கலைச்செல்வியின் படங்களைக் கணினியில் ஏற்றினேன். அதில் ஒன்றைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் பஸ். ஜன்னலில் சுனில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார், கண்டக்டர் இடுப்பில் கைவைத்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். கம்பிக் கதவுக்கு உள்ளே வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள். நடுவே, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக, குடையை இடுக்கிக்கொண்டு, தலையைத் திருப்பிப் பிள்ளைகளைப் பார்த்தபடி ரிஸ்னா டீச்சர். பள்ளிக்கூடம் விட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது! அந்த அறையில் இருந்த படங்களில் ஒப்பனை இல்லாத ஒரே படம் அதுதான்.

கலைச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டேன். "யார்கிட்டக் கேட்டு எடுத்தீங்க?"

"டிரைவர் அண்ணேகிட்டத்தான். பஸ்ஸு அவருதுதானுங்களே. கேட்டதும் தலையெல்லாம் சீவிக்கிட்டாரு."

"டீச்சர்கிட்ட?"

"டீச்சர நான் எடுக்கலயே மிஸ், பஸ்ஸத்தான் எடுத்தேன்" என்றார் அவர். "ஸ்கூல் விடுற நேரத்துக்கு இந்தப் பஸ்ஸு வந்துச்சுன்னா டீச்சர் இருந்து கணக்குச் சொல்லித் தருவாங்க. எம்மகளுக்கு எடவேளைக்கு அப்புறம் கணக்குப் பாடமே கெடையாது. அதச் சொல்லத்தான் பஸ்ஸ எடுத்தேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. கலைச்செல்விக்கு அது பஸ்ஸின் படம். கல்விப் பணிமனைக்கு அது பள்ளிக்கூட நேரத்தில் ஓடிப்போகும் ஆசிரியையின் படம். பரவாயில்லை, இதற்கெல்லாம் வழி இருக்கிறது என்று அன்று மாலை அலுவிகாரையில் உட்கார்ந்து முகங்களை மங்கலாக்கினேன். டீச்சர் முகம், டிரைவர் முகம், கண்டக்டர் முகம். இனி யாருக்கும் தொந்தரவில்லை என்று குசுமா அக்கா கொடுத்த பலாக்காய்க் கறியை நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் படத்தைத் திரையில் போட்டதும் பின்வரிசையில் ஒரு தாய், "அட, நம்ம ரிஸ்னா டீச்சரு!" என்றார். அவ்வளவுதான் நான் மறைத்த லட்சணம். அந்தத் தோட்டத்தில் அபாயா போடுகிறவர் ஒருவர்தான். குடைக் கம்பியில் கட்டியிருந்த மஞ்சள் நூலைக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். முகத்தைத் தவிர மற்ற எல்லாமே அவர்தான்.

ரிஸ்னா டீச்சர் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். பலா மரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"எனக்கு வேல இன்னும் நிரந்தரமாகல்ல மிஸ். இந்தப் படத்த மேலிடம் பார்த்தா அவ்வளவுதான். அஞ்சு மணி பஸ் வராட்டி எனக்கு இங்கேர்ந்து எறங்க வழியில்ல. ஆட்டோவுக்குக் குடுத்தே சம்பளம் முடிஞ்சிரும். ஊட்டுல சின்னப் புள்ள, பாத்துக்கிற உம்மாவுக்குக் கண் வெளங்காது. பிரின்சிபல் சேருக்குத் தெரியும், பாவம், ஒண்டும் சொல்லமாட்டார். நான் சோம்பேறியா மிஸ்? மத்தியானம் நடத்தாத பாடத்தக் காலைல தொழுதுட்டு வந்து ஆறரைக்கே நடத்துறேன்."

அதற்குள் கலைச்செல்வி வந்துவிட்டார். "நான் ஒங்களப் பத்திக் கொற சொல்லல டீச்சர். பஸ்ஸச் சொன்னேன்."

"அவங்க பஸ்ஸப் பாக்கமாட்டாங்க செல்வி. என்னத்தான் பாப்பாங்க."

"அதுக்காக வாய மூடிக்கிட்டு இருக்கணுமா? எம்புள்ள கணக்குல பெயிலானா யாருங்க பதில் சொல்லுவா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடத்திலும் அந்தப் படம் சுவரில் இருந்தே ஆக வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அத்தனை நல்ல படம். அறிக்கையின் முதல் பக்கத்தில் அதைக் கற்பனைகூடச் செய்துவிட்டேன். "நாளைக்குப் பேசி முடிவு பண்ணலாம்" என்று மழுப்பினேன்.

அடுத்த நாள் காலையில்தான் அந்தத் திட்டு. நான் முகங்களை மங்கலாக்கிப் போட்டுக் கொடுத்த பிரதியைக் கலைச்செல்வி சுனிலிடம் கொடுத்திருக்கிறார். அவர் பஸ்ஸை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பிரதியை ஆட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்துவிட்டார். எனக்கோ சிங்களம் தெரியாது. அழுத கண் இன்னும் சிவந்திருந்த ரிஸ்னா டீச்சர்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"கேட்டதும் நான் சரியெண்டு சொன்னேன், தல சீவினேன், சிரிச்சேன். ஏன் எண்ட மொகத்த அழிச்ச எண்டு கேக்கிறார். பொலிஸ் புடிச்ச ஆக்களுக்குத்தான் பேப்பர்ல இப்படி மொகத்த மறைக்கிற. ஊட்டுல பொண்டாட்டிக்கிட்டக் காட்டினா அவ என்ன நெனைப்பா? நான் என்ன கள்ளனா எண்டு கேக்கிறார்." டீச்சர் என் பக்கம் திரும்பினார். "இது அவர் சொன்ன. இனி நான் சொல்றேன் மிஸ். எனக்கும் அதே கேள்விதான்."

எனக்கு வாய் நீளம் என்று முதலிலேயே சொன்னேன். அன்றைக்கு அது இதற்குத்தான் உதவியது. சுனிலிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். முகத்தோடு ஒரு பிரதி உடனே போட்டுத் தருவதாகச் சொன்னேன். "பஸ் நேரத்தை மாற்ற முடியுமா?" என்று டீச்சர் வழியாகவே கேட்டேன். அந்தக் காலத்தில் சம்பள நாளில் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்காக வைத்த நேரமாம் அது. மாற்றச் சொல்லி இதுவரை யாரும் எழுதிக் கேட்டதில்லையாம். பணிமனையிலிருந்து தாள் வந்தால் தனக்கு இரண்டு மணியும் ஒன்றுதான், பதினொன்றரையும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

அன்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். பால் விடாத பிளேன்டீயும் கையில் ஆளுக்கொரு துண்டுக் கருப்பட்டியும். படத்தைப் பற்றி நான் முடிவு சொல்லக் கூடாது என்று முதல் தடவையாக வாயைக் கட்டிக்கொண்டேன். எல்லோரும் பிளேன்டீயைக் குடித்து முடித்தார்கள். பிறகு கலைச்செல்வி நிமிர்ந்தார்.

"மிஸ், படம் என்னோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப மாட்டாம இருக்கிறதும் என்னோட இஷ்டந்தானே? இந்த டீச்சரு போயிட்டா இருக்கிற பாதிக் கணக்கும் இல்ல. படம் வேணாங்க."

'வேணாங்க' என்ற சொல் கடைசியில் வந்துவிட்டது. பயிற்சி கொடுத்த எனக்கே அது வலித்தது. ஆனால் பாருங்கள், அவர் அதோடு விடவில்லை. "பஸ்ஸ மட்டும் விடமாட்டேன்" என்று ஒரு அட்டையில் மகளைக் கொண்டு எழுதவைத்தார். கண்காட்சி நாளில் வெறும் சட்டமும் அதன் கீழே அந்த அட்டையும் தொங்கின: "இங்கே ஒரு படம் இருந்தது. அதில் இருக்கிறவர் எங்களுக்கு வேண்டும். அதனால் படத்தைக் கழற்றிவிட்டோம். பதினொன்றரை பஸ்ஸைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு விடுங்கள்."

அதிகாரி வந்தார். குளிப்பாட்டிய ஆட்டைப் பார்த்துச் சிரித்தார், தீபாவளிச் சட்டையில் குடம் சுமக்கும் பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினார். வெற்றுச் சட்டத்தின் முன்னால் நின்றுவிட்டார். தன் படம் இருக்கும் என்று எண்ணெய் தடவிச் சீவி வந்திருந்த சுனில் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன படம் இருந்தது?"

பிரின்சிபல் தரையைப் பார்த்தார். கலைச்செல்வி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸுங்க சேர்" என்றார்.

"பஸ் சரி. யார் இருந்தது?"

"கண்டக்டருங்க சேர்."

"அவர் ஏன் உங்களுக்கு வேணும்?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அப்போது ஆசிரியர் வரிசையிலிருந்து ரிஸ்னா டீச்சர் எழுந்தார்.

"நான்தான் சேர் அதுல ஈக்கிற."

பஸ் நேரம், சின்னப் பிள்ளை, விடியற்காலைப் பாடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. இந்தச் சனம் தனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்றும் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படத்தைப் பார்க்கலாமா?" என்றார்.

கலைச்செல்வி, நான் முகத்தோடு போட்டுக் கொடுத்திருந்த படத்தைப் பையிலிருந்து எடுத்தார். நேராக ரிஸ்னா டீச்சரிடம் போனார். "அன்னிக்கு ஒங்ககிட்டக் கேக்கலங்க டீச்சர். இப்பக் கேக்குறேன். இத மாட்டட்டுங்களா?"

"மாட்டுங்க."

சட்டத்தைச் சுவரிலிருந்து டீச்சரே இறக்கிப் பிடித்தார், செல்வி படத்தைச் செருகினார். மூன்று முகங்களும் தெளிவாக இருந்தன. சுனில் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், யாரையும் பற்றிக் கவலைப்படவில்லை.

அதிகாரி நல்லவராகவும் இல்லை, கெட்டவராகவும் இல்லை, அதிகாரியாகத்தான் இருந்தார். டீச்சரிடமும் பிரின்சிபலிடமும் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார். பஸ் விஷயத்தையும் எழுதச் சொன்னார். நான் விமானத்துக்குப் போக வேண்டியிருந்ததால் அன்றைய பதினொன்றரை பஸ்ஸில் ஏறினேன். பின் ஜன்னலில் பார்த்தேன். கம்பிக் கதவுக்கு உள்ளே, பிள்ளைகளோடு, ரிஸ்னா டீச்சர் நின்றுகொண்டிருந்தார். என்ன ஆகுமோ என்ற கவலையோடுதான் மலை இறங்கினேன்.

மதுரைக்கு வந்த பிறகும் போன் சத்தம் கேட்டால் அவர்கள்தானோ என்று பதறுவேன். வாரங்கள் போயின. ஒருநாள் கடைவீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கலைச்செல்வியின் போனிலிருந்து ஒரு படம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் பஸ். சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு சுனில், இடுப்பில் கையோடு கண்டக்டர், தலை வாரிப் பவுடர் போட்ட பிள்ளைகள். கதவு திறந்திருக்கிறது, பிள்ளைகளின் தோளில் புத்தகப்பை. நடுவில் மஞ்சள் நூல் கட்டிய குடையைப் பிடித்து, எல்லோரையும் போல விறைப்பாகக் கேமராவையே பார்த்துக்கொண்டு ரிஸ்னா டீச்சர். இயல்பு என்று சொல்ல அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை. அத்தனை அழகாக இருந்தது.

கூடவே கலைச்செல்வியின் குரல் வந்தது.

"இது ரெண்டு மணி பஸ்ஸுங்க மிஸ். டீச்சருக்கு ஒரு எச்சரிக்கக் கடிதத்தோட விட்டுட்டாங்க. இந்த வாட்டி எல்லாருகிட்டயும் கேட்டுட்டுத்தான் எடுத்தேன். அங்க எல்லாருக்கும் காட்டுங்க. மூஞ்சிய மட்டும் அழிச்சிராதீங்க."